குழாய்ச் சேர்மனுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் தட்டச்சில் லோயரும் ஹையரும் தேறினேன், அவ்வளவுதான். இத்தனை வருடமும் மற்றவர்கள் எழுதியதை அடித்துக் கொடுத்தேனே தவிர, என் பெயரில் ஒரு வரி எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் கலைக்களஞ்சியத்தில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் ஓர் ஊரின் பெயரையும் ஓர் ஆளின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் காரணம் ஒரு போன். சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றி ஒரு வட்டாரக் கலைக்களஞ்சியம் தொகுத்த அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். மணிக்கட்டு வலி வந்து தட்டச்சு முடியாமல் போனதும் நின்றுகொண்டேன். அந்தத் தொகுதிகளை இப்போது இணையத்தில் ஏற்றுகிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் தினேஷ் போன மாதம் கூப்பிட்டார்.

"அக்கா, பழைய சேர்மனுங்க எல்லாத்தையும் ஏத்திரலாம்னு இருக்கோம். ஊருங்க எல்லாம் மாநகராட்சி ஆவுது பாருங்க, அதனால 'மேயர்கள்'னு ஒரு தலைப்பு. புஸ்தகத்துலதான் பக்கம் பத்தாது. இங்க எடம் கெடக்குது."

"எடம் இருந்தாப் போதுமா?" என்றேன்.

"போதாதுங்களா பின்ன? அது கெடக்கட்டும். கார்டுப் பெட்டியில 'குழாய்ச் சேர்மன்: காண்க'ன்னு ஒரு அட்டை இருக்குது. எதைக் காணோணும்னு போடலை. செம பேரா இருக்குதுங்க்கா. ஆரு அது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இதை எழுதுவதுதான் அந்த யோசனை.

எங்கள் அலுவலகம் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தொகுப்பாசிரியரை நாங்கள் ஐயா என்போம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சேர்ந்த புதிதில் தப்பில்லாமல் அடிப்பதுதான் வேலை என்று நினைத்தேன். சில மாதங்களில், அடிப்பதற்கு முன் சந்தேகப்படுவதுதான் வேலை என்று ஆகிவிட்டது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. காய்கறிக்காரர் "இன்னைக்குப் பறிச்சதுங்க" என்றால் காம்பைப் பார்க்கிறேன்.

ஐயா யாரையும் அதட்ட மாட்டார். என்னிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சட்டைப்பையில் இரண்டு பென்சில் இருக்கும். ஒன்றைச் சீவவே மாட்டார். மழுங்கிய அந்தப் பென்சிலால் வரிக்கு அடியில் தொட்டுக்கொண்டே படிப்பார். 'மக்கள் போற்றிய' என்று வந்தால் அங்கே பென்சில் நிற்கும். "எந்த மக்களுங்க? ரெண்டு பேரு பேரைக் கேட்டு வாங்குங்க, அம்மிணி." பெரும்பாலும் ஒரு பேர்கூடக் கிடைக்காது.

எங்களைத் தேடி வந்தவர்களில் அதிகம் பேர் பழைய சேர்மன்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான். புலவர்களின் வாரிசுகள் இவ்வளவு அலைந்ததில்லை. ஒருவர் தன் தாத்தாவுக்கு ஆதாரமாகத் தன் கல்யாணப் பத்திரிகையையே கொண்டுவந்தார். அதில் தாத்தா பெயருக்குக் கீழே 'முன்னாள் மேயர்' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. அவர் படியிறங்கிப் போகும்வரை பேசாமல் இருந்த ஐயா, "பத்திரிகையில பொண்ணோட வயசை மட்டுந்தானுங்க போடாம உடுவாங்க. மத்ததெல்லாம் போட்டுக்குவாங்க" என்றார்.

சேர்மன்களுக்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். வந்த விவரங்களை வைத்து நான் ஒரு வரைவு அடிக்க வேண்டும். பிறகு அதையே இன்னொரு தாளில், 'சேர்மன்', 'தலைவர்' என்ற சொற்கள் வரும் இடத்தை எல்லாம் வெறுமையாக விட்டு அடிக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர், நாற்காலியை எடுத்துவிட்டுப் படிப்பது. வெற்றிடம் வரும்போது வாயை மூடி நிறுத்தி, மறுபடி தொடர்ந்து, உரக்கப் படிப்பார்.

"இவர் இந்நகரின்... ஆக இருந்தார். ...ஆகப் பல விழாக்களில் கலந்துகொண்டார். ...ஆக இருக்கும்போதே காலமானார்." படித்துவிட்டு என்னைப் பார்ப்பார். "காலமானது ஒண்ணைத்தான் சொந்தமாச் செஞ்சிருக்காருங்க."

அந்தத் தாள் கழித்துப்போட்டவற்றின் பெட்டிக்குப் போய்விடும். தேறியவர் அபூர்வம். சந்தையை நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றிவிட்டு, வியாபாரிகள் வரும்வரை அந்தப் பொட்டலில் தானே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் தேறினார். நாற்காலியை எடுத்த பிறகும் அவர் அந்தப் பொட்டலில் உட்கார்ந்திருந்தார்.

தாளில் தேறினால் நான் ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டும். அதற்கும் விதிகள் உண்டு. முதலில் ஆகாதவர் வீட்டுக்குப் போக வேண்டும். பிறகு சம்பந்தமே இல்லாதவர்களிடம் கேட்க வேண்டும். கடைசியில்தான் குடும்பத்தார். எந்த வீட்டிலும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காப்பி, மோர் எதுவும் கூடாது. "மோரு குடிச்சா ரெண்டு வரி கூடிப்போயிருமுங்க" என்பார். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவர் மோரை வேண்டாம் என்பது முகத்தில் அடிப்பது போல. என்னைப் போலக் கூச்சப்படுகிறவளுக்கு அந்த வேலையில் இருந்த பெரிய சங்கடமே அதுதான்.

இனி அந்த அட்டையின் கதை.

நாமக்கல் பக்கத்து ஒரு நகராட்சியிலிருந்து ஒரு பெண் நேரில் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். தன் அப்பாவைப் பற்றி அச்சடித்தாற்போல் ஒரு பக்கம் கொண்டுவந்திருந்தார். முதல் வரியே 'எங்கள் நகரின் மேயர்' என்று இருந்தது.

"நம்ம பக்கம் அன்னைக்கு ஏதுங்க மேயரு?" என்றார் ஐயா.

"சேர்மன்தானுங்க. அடிச்ச கம்ப்யூட்டர் பையன், சேர்மன்னு போட்டா எடுக்கமாட்டாங்க, மேயர்னு போடறேன்னுட்டானுங்க."

"செரி. எதுக்குங்க இது?"

அந்த அக்கா கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். "ஊர்ல எங்கப்பனைப் பத்தி ஒரு மாதிரிப் பேசறாங்க. நெசம் என்னன்னு ஒரு எடத்துல அச்சுல இருக்கோணுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

என்ன பேசுகிறார்கள் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அவர் போன பிறகு ஐயா, "நெசம் வேணும்னு வர்றவங்க ஏதோ ஒண்ணைக் கையில மூடிட்டுத்தான் வருவாங்க. பார்த்துட்டு வாங்க அம்மிணி" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஊரில் பேசுவது என்ன என்பது எனக்கு அந்த ஊரை எட்டும் முன்பே பஸ்ஸில் கிடைத்தது. கூட்டம் நெருக்கியது. கண்டக்டர், "பின்னாலயே காலியா ஒரு வண்டி வருதும்மா, எறங்கி அதுல வாங்க" என்றார். கூடையோடு நின்ற ஒரு பெண், "வரும் வரும். குழாய்ச் சேர்மன் பேச்செல்லாம் எங்கிட்ட வேண்டாம், தள்ளி நில்லு" என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார்.

ஆகாதவர் வீடு என்பது அடுத்து வந்த சேர்மனின் வீடு. பேரன் போர்வெல் வண்டிகள் வைத்திருந்தார். வாசலில் துளை போடும் ரிக் லாரிகள் இரண்டு நின்றன. நல்ல வாய்.

"குழாய்ச் சேர்மனா? அதை எங்ககிட்டத்தான் கேக்கோணும். ஜேடர்பாளையத்துப் பக்கமிருந்து ஆத்துத் தண்ணி கொண்டாறேன்னு சொல்லி, தண்ணி கிளம்பறதுக்கு முந்தியே தெருத்தெருவாக் குழாயை நட்டு வெச்சுட்டாருங்க. பொம்பளைங்க கொடத்தை வெச்சுத் திருகுனா, புஸ்ஸுன்னு காத்து. தண்ணி கொண்டாந்தது எங்க தாத்தனுங்க. அவரு கொண்டாந்தது காத்து."

"ஏன் முன்னாலயே நட்டாருங்க?"

"ஓட்டுக்குத்தான். பின்ன, கொடம் அழகா நிக்குமேன்னா?" மோர் வந்தது. வேண்டாம் என்றேன். "ஏனுங்க, எங்க ஊட்டு மோருல பேதி மருந்தா கலந்திருக்குது?" என்று அதற்கும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

அடுத்து ஊரின் தாழ்ந்த கோடியில் இருந்த கடைசித் தெருவுக்குப் போனேன். தண்ணீர் விடும் நேரம். குழாயடியில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். இந்தக் குழாயை யார் போட்டது என்று கேட்டேன்.

"ஆரு போட்டாங்களோ. தண்ணி வருது, புடிக்கிறோம்."

"குழாய்ச் சேர்மன்னு ஒருத்தரு இருந்தாராமே?"

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "அது ஒரு பேச்சுங்க. பொய்யி சொன்னாச் சொல்லுவாங்க. அது என்ன, ஆளா?"

கடைசியாக அந்த அக்காவின் வீடு. ஏன் முதலிலேயே குழாயை நட்டார் என்பதுதான் கேள்வி. அவர் கையில் மூடி வைத்திருந்ததை அங்கேதான் திறந்தார்.

"கவுன்சிலருங்க இவரை எறக்கறதுக்கு ஆளு சேத்தறது எங்கப்பனுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. தான் போயிட்டா, மேக்கால நாலு தெருவுக்கு மட்டும் உட்டுட்டு அத்தோட தண்ணியை நிறுத்திருவாங்கன்னு பயம். 'குழாயை நட்டுட்டா நாளைக்கு எவன் வந்தாலும் அந்தத் தெருவை உட்டுட்டுப் போக முடியாது. வெறுங்குழாயைப் பாத்துப் பாத்தே சனம் கேக்கும்'னு சொன்னாருங்க. அதே மாதிரிதான் கடைசித் தெரு வரைக்கும் தண்ணி போச்சு."

"இதை ஆரு கிட்டச் சொன்னாருங்க?"

"எங்கம்மாகிட்ட."

"வேற ஆராச்சும் கேட்டாங்களா?"

"அடுப்படியில சொன்னதை வேற ஆரு கேப்பாங்க?"

நம்பத் தோன்றியது. நம்பத் தோன்றியதாலேயே சந்தேகமும் வந்தது. எந்த மகளும் தன் அப்பாவுக்கு இப்படி ஒரு காரணம் வைத்திருப்பாள். அதற்குள் அவர் மோரைக் கொண்டுவந்து வைத்தார். கறிவேப்பிலை கிள்ளிப்போட்டிருந்தது. தண்ணீர் போதும் என்றேன். அவர் டம்ளரை எடுக்கவில்லை.

"குழாய்ச் சேர்மன் ஊட்டு மோருன்னாக் குடிக்கமாட்டீங்களா?" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான்.

நான் குடிக்கவில்லை.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா என் குறிப்புகளை வாங்கிப் பென்சிலால் தொட்டுக்கொண்டே படித்தார். பிறகு, "இவரு உள்ள வர்றாருங்க" என்றார். "மத்தவங்க நாற்காலியோட போயிட்டாங்க. இவரு மட்டும் ஊரு வாயில இருக்காரு. பேச்சா மாறிப்போன ஆளை நாம உட முடியாதுங்க." அடுப்படியில் சொன்னதை எழுதக் கூடாது, போர்வெல்காரர் சொன்ன ஓட்டுக் காரணத்தையும் எழுதக் கூடாது, மனசுக்குள் இருந்ததை எழுத நமக்கு அதிகாரமில்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த பதிவு மூன்றே வாக்கியம். இன்னார், இந்த நகராட்சியின் சேர்மனாக இருந்தபோது தெருக்குழாய்களை நட்டார். ஆற்று நீர் அவர் பதவி இழந்த பின் வந்தது. நிறைவேறாத வாக்கை இவ்வூரார் குழாய்ச் சேர்மன் பேச்சு என்பர்.

குறுக்குக் குறிப்புக்காகக் 'குழாய்ச் சேர்மன்: காண்க' என்று ஓர் அட்டையும் அடித்தேன். பக்கம் முடிவான பிறகு மீதியை நிரப்பலாம் என்று வைத்தேன்.

அச்சுக்குப் போகும் முன் பதிவைக் குடும்பத்தாருக்குப் படித்துக்காட்ட வேண்டும். தகவல் தப்பென்றால் திருத்துவோம், பிடிக்கவில்லை என்றால் திருத்த மாட்டோம். மறுபடி அந்த ஊருக்குப் போனேன். மூன்று வாக்கியத்தையும் படித்துக்காட்டினேன். அந்த அக்கா, "இன்னொருக்காப் படிங்க" என்றார். படித்தேன்.

"கடைசி வரியை எடுத்துருங்க."

"அதை எடுத்தா எல்லாமே போயிருங்க்கா. அந்த வரிக்காகத்தான் அவரு உள்ள வர்றாரு."

அவர் எருமைக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பஸ் ஏறினேன். அவர் நல்ல பெயர் கேட்டு வந்தார், நாங்கள் அவர் பயந்ததையே அச்சில் கொடுக்கிறோம் என்பது வழியெல்லாம் உறுத்தியது. ஆனால் பதிவில் பொய் ஒன்றும் இல்லை.

தொகுதி அச்சுக்குப் போவதற்கு முன்தினம் அவர் அலுவலகப் படியேறி வந்தார். கையில் ஒரு தூக்குப்போசி. ஐயா உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எங்கப்பனை எடுத்துருங்க, சாமி."

"கேட்டுப் போடறதும் இல்லைங்க, கேட்டு எடுக்கறதும் இல்லைங்க."

"எம் பையன் அந்தப் பேச்சைச் சொல்றானுங்க. கூட்டாளிங்ககிட்ட. அது அவன் அப்புச்சியை, எங்கப்பனைத்தான் சொல்றதுன்னு அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லலை. பெரிசுங்க நாலு பேருக்குத்தான் இன்னும் தெரியும், அவங்களும் மூஞ்சிக்கு நேரா சொல்றதில்லை. இப்பப் பேரு தனியா இருக்குது, பேச்சு தனியா இருக்குது. நீங்க ரெண்டையும் ஒட்டிராதீங்க. நாந்தான் தெரியாம வந்து கேட்டுப்போட்டேன்."

ஐயா என் பக்கம் திரும்பினார். அச்சுக்கு எடுத்து வைத்திருந்த தாளைக் கேட்டார், கொடுத்தேன். சீவாத பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சீவியதை எடுத்தார். முதல் வாக்கியத்தில் 'சேர்மன்' மேல் ஒரு கோடு. கடைசி வாக்கியத்துக்குப் போனார். அங்கே, அந்தச் சொல்லுக்குள் இருந்த 'சேர்மன்' மேலும் ஒரு கோடு இழுத்தார். பிறகு வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"நிறைவேறாத வாக்கை இவ்வூரார் குழாய்... பேச்சு என்பர்."

கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"இதுல ஆளு இல்லீங்களே அம்மிணி" என்றார் என்னிடம். "பேச்சுல தங்குனது நாற்காலிதான். ஆளு தங்கலைங்க." தாளைக் குறுக்காக ஒரே கோட்டில் அடித்தார். அதன் பிறகு அந்த அக்காவிடம், "போசியில என்னங்க?" என்றார்.

"மோருங்க."

"ஊத்துங்க."

ஐயா மோர் குடித்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அந்த அக்கா எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார், குடித்தேன். ஐயா முதலில் தாளைக் கோடு போட்டு அடித்தார், பிறகுதான் குடித்தார். இந்த வரிசையை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எனக்கே சந்தேகம் வந்தது. நாற்காலியை எடுத்துப் படிக்கும் முறை அவருடையதுதான். முதல் தடவையே அந்தச் சொல்லுக்குள் இருந்த சேர்மனை ஏன் எடுக்கவில்லை? விதிப்படி எடுத்தாரா, அல்லது எடுக்க வேண்டும் என்று மனசில் முடிவு செய்துவிட்டு விதியைத் தேடினாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது அவர் இல்லை.

ஆகவே தினேஷுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். இடம் இருக்கிறது என்பதற்காக ஒருவரை உட்கார வைப்பது பஸ்ஸில் சரி, கலைக்களஞ்சியத்தில் சரியில்லை. சிறிய ஊர்ச் சேர்மன் என்பதால் தள்ளவும் வேண்டாம், சேர்மன் என்பதால் சேர்க்கவும் வேண்டாம். மேயர் என்று தொப்பி மாற்றி வருகிறவர்களை இரண்டு முறை பாருங்கள். ஆதாரம் என்று கொண்டுவரும் விழா மலரை யார் அச்சடித்தது என்று பாருங்கள். அந்த மலரே நம் பதிவைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். அதற்கு மேல், பதிவு போட்டால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்கு முழுதாகத் தெரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று முன்தினம் தினேஷைக் கூப்பிட்டேன்.

"அந்த அட்டையைக் கிழிச்சிருங்க. அது ஒரு பேச்சு. ஆளு இல்லை."

"அக்கா, நீங்க இழுத்துப் பேசறதைப் பாத்தாலே ஆளு இருக்குதுன்னு தெரியுது. அந்த ஊரு சேர்மனுங்க பேரெல்லாம் எங்ககிட்ட இருக்குது. இதுல எந்த ஆளுன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

"அது எந்த ஊருன்னு நான் சொன்னேனா?"

"எங்க மேலயே சந்தேகமா?" என்றார்.

"எல்லார் மேலயும்தான், சாமி" என்றேன்.

மறுநாள் 'மேயர்கள்' பக்கம் இணையத்தில் வந்தது. எல்லா ஊர்களும் இருந்தன. அந்த ஊருக்கு நேராக அவர் பெயரும் இருந்தது. பெயர், பதவி, வேறு ஒன்றும் இல்லை. ஐயாவின் பென்சிலாக இருந்தால் அந்த வரி நின்றிருக்காது. அதை மட்டும் எடுக்கச் சொன்னால் ஆள் யார் என்று நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். பக்கம் முழுக்க மேயர் என்பதைச் சேர்மன் என்று திருத்த மட்டும் சொன்னேன். திருத்திவிட்டார்கள்.